கதை கேட்கிற வாசல்: செயின்ட் லூயிஸ் நகரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

அமெரிக்கா போய்வந்தவர்கள் தமிழில் இரண்டு விதமாகத்தான் எழுதிவந்திருக்கிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு எழுதுவது ஒன்று: சாலை சுத்தம், வரிசை ஒழுங்கு, ஒருத்தரும் ஹாரன் அடிப்பதில்லை. விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவு கட்டிக்கொண்டு எழுதுவது இன்னொன்று: ஏகாதிபத்தியத்தின் தலைமையகம், தொட்டதுக்கெல்லாம் காசு, மனுஷனுக்கு மதிப்பில்லை. நான் இரண்டாவது ரகம். 2024 பிப்ரவரியில், தம்பி மனைவியின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக, மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனபோது என் கட்டுரை மனசுக்குள் ஏறக்குறைய எழுதி முடிக்கப்பட்டிருந்தது. ஜூலையில் திரும்பும்போது அதைக் கிழித்துப் போடவேண்டியதாயிற்று. முடிவு பெரும்பாலும் சரிதான். அதற்கு நான் வைத்திருந்த காரணங்கள்தான் நிற்கவில்லை.

முதல் அடி விழுந்தது மிருகக்காட்சிசாலையில்.

போய்ச் சேர்ந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. தம்பியின் மூத்த பையனுக்கு ஏழு வயசு. யானை பார்க்கவேண்டும் என்று நின்றான். புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். தலைக்கு இருபது டாலர் என்றாலும் மூன்று பேருக்கு அறுபது, அறுபதை எண்பத்துமூன்றால் பெருக்கினால் என்று நான் காரிலேயே வயிறெரிய ஆரம்பித்துவிட்டேன். பூங்காவின் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். வாசல் வந்தது. வாசலைத் தாண்டியும் விட்டோம். நான் திரும்பிப் பார்த்தேன்.

"டிக்கெட் எங்கடா?"

"டிக்கெட் கிடையாதுக்கா. ஃப்ரீ."

"ஃப்ரீன்னா? குழந்தைகளுக்கா?"

"எல்லாருக்கும்தான்."

உள்ளே குட்டி ரயிலுக்குக் காசு, ராட்டினத்துக்குக் காசு, ஐஸ்கிரீமுக்குக் காசு. அதையெல்லாம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிற கலையைத் தம்பி பையனுக்கு ஏற்கனவே பழக்கிவைத்திருந்தான். யானைக்குக் காசு இல்லை. நீர்யானைக்கு இல்லை. எதிரே மேட்டில் இருக்கிற கலை அருங்காட்சியகத்துக்கும் இல்லை. 'கலைக்கு அர்ப்பணம், அனைவர்க்கும் இலவசம்' என்று அதன் நெற்றியிலேயே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே பூங்காவில் மூனி என்றொரு திறந்தவெளி நாடக அரங்கு 1917லிருந்து நடக்கிறது. சுமார் 11,000 இருக்கைகள். அவற்றில் கடைசி வரிசைகளில் ஏறத்தாழ 1,500 இருக்கைகளுக்கு டிக்கெட்டே கிடையாது, முந்தி வந்தவர் உட்காரலாம். ஜூன் மாதம் நாங்கள் ஒரு போர்வையையும் முறுக்குப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தோம். பக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர், முப்பது வருஷமாக அதே மூலையில்தான் உட்காருகிறேன் என்றார்.

இதெல்லாம் எப்படி? முதலாளித்துவத்தின் கோட்டையில் யானை ஏன் இலவசம்? பணக்காரன் போட்ட பிச்சையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பிக்குத் தெரியவில்லை, அவன் ஆறு வருஷமாக வந்துபோகிறான், கேட்டுக்கொண்டதே இல்லை. நூலகத்தில் போய் உட்கார்ந்து (அதுவும் காசில்லாத இடம்தான்) தேடிப் படித்தேன். கதை 1904இல் இங்கே நடந்த உலகக் கண்காட்சியில் தொடங்குகிறது. கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பிரம்மாண்டமான பறவைக்கூண்டை முடிந்ததும் நகரம் 3,500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. 1916இல் மக்கள் வாக்களித்துத் தங்கள் மேல் தாங்களே ஒரு வரி போட்டுக்கொண்டார்கள்: ஆயிரம் டாலர் சொத்து மதிப்புக்கு வருஷம் 20 சென்ட். மிருகக்காட்சிசாலைக்கென்று ஓர் ஊர் தனக்கே வரி போட்டுக்கொண்டது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சில்லறை சேர்த்து மிஸ் ஜிம் என்ற யானையை வாங்கிக் கொடுத்தார்கள். 1971இல் நகரமும் அதைச் சுற்றியுள்ள கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்) சேர்ந்து இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, அருங்காட்சியகங்களையும் சேர்த்துத் தனி வரி மாவட்டம் ஒன்றையே உருவாக்கின.

ஆக, இலவசம் என்பது தவறான சொல். காசு கட்டியாகிவிட்டது. வாடகைக்குக் குடியிருக்கிற என் தம்பி வாடகையில் கட்டுகிறான். கட்டுகிற இடமும் நுழைகிற இடமும் வேறுவேறாக இருப்பதால் வாசலில் யாரும் நிற்கவேண்டியதில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கவுண்டிக்காரர்கள் வரி கட்டாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவர்களிடம் மட்டும் வசூலிக்கலாமே என்ற குரல் அவ்வப்போது எழும். எழுந்து அடங்கிவிடும். வெளியூர்க்காரனைக் கண்டுபிடிக்கவேண்டுமென்றால் உள்ளூர்க்காரனையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்கவேண்டிவருமே.

இந்த விஷயம் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் பட்டதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிற கவுண்டரில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். பேர், வயசு, ஊர், என்ன செய்யுது. நாலு கேள்வி, முடிந்தது, அடுத்த ஆள். அங்கே நெரிசல் உண்டு, வசவு உண்டு, வார்டுக்குள் போனால் கை நீட்டுகிறவர்களும் உண்டு. அதை மறைக்க வரவில்லை. ஆனால் 'நீ யார், உனக்கு ஏன் வைத்தியம் பார்க்கவேண்டும்' என்று கேட்கிற கட்டம் என்னுடைய சீட்டில் இல்லை. அந்தக் கட்டம் இல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எட்டு வருஷத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. செயின்ட் லூயிஸில்தான் தோன்றியது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்களை வெளியே அழைத்துப்போனார். 'டிரிவியா நைட்' என்பார்கள்; இந்த ஊருக்கே உரிய பொழுதுபோக்கு. ஒரு தேவாலயத்தின் பள்ளிக்கூட ஹால். வட்டமேசைகள், மேசைக்கு எட்டுப் பேர், தலைக்கு 20 டாலர். தின்பண்டம் அவரவர் கொண்டுவரவேண்டும். வினாடி வினா மாதிரி பத்துச் சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. நடுநடுவே லாட்டரிச் சீட்டு; விழுகிற பணத்தில் பாதி ஜெயித்தவருக்கு, பாதி நிதிக்கு. தெரியாத கேள்விக்குக் காசு கொடுத்து ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினால் சரியான விடையாக எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் மேசைக்கு அடியில் ஓடுகிறார்கள். கேக் ஏலம் போகிறது. கிழவிகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மூன்று மணி நேரம். சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்ன் வாங்குவதைவிட மலிவு. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நிதி யாருக்கு? ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு. ஐம்பதைத் தொடுகிற வயசு, புற்றுநோய், அறுவைசிகிச்சை முடிந்து இன்னும் சிகிச்சை பாக்கி. காப்பீடு இருக்கிறது. இருந்தும், வருஷத் தொடக்கத்தில் இத்தனை ஆயிரம் டாலர் வரை நீயே கட்டு, அதற்கு மேல்தான் நாங்கள் என்கிற விதி, அதற்கு மேலும் ஒரு பங்கு உன்னுடையது என்கிற விதி, இந்த ஆஸ்பத்திரி எங்கள் பட்டியலில் இருக்கிறது, உனக்கு மயக்கமருந்து கொடுத்தவர் இல்லை என்கிற வியாக்கியானம் (2022இலிருந்து இதில் ஒரு பகுதியைச் சட்டம் தடுத்திருக்கிறது, ஆம்புலன்ஸ் வண்டியை மட்டும் விட்டுவிட்டார்கள்). ஹால் வாசலில் ஓர் அட்டை முழுக்க அவருடைய புகைப்படங்கள். கல்யாணம். மீன்பிடித்தல். மகளின் பட்டமளிப்பு. ஒலிபெருக்கியில் பேசியவர் சொன்னார்: இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போடாதவர், எந்தக் குழந்தையையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அவரும் வந்திருந்தார். முதல் மேசை. தலையில் பேஸ்பால் தொப்பி, சிரித்த முகம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆட்கள் போய்க் கைகொடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் தன் கதையைச் சொன்னார்: எப்போது வலி வந்தது, முதலில் என்னவென்று நினைத்தார், டாக்டர் என்ன சொன்னார், இப்போது எப்படி. அன்று சாயங்காலம் எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பார் என்று தெரியாது. ஏழாவது சுற்றுக்கு மேல் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரோ தோளைத் தொட்டதும் திறந்து மறுபடி சிரித்தார்.

திரும்பி வரும்போது நான் பேசாமல் வந்தேன். "என்னக்கா, புடிக்கலையா? நல்ல மனுஷங்கக்கா. நம்ம ஊர்ல இப்படி யாரு செய்வா?" என்றான் தம்பி. நல்ல மனுஷர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. அவர் லீவு போட்டிருந்தால்? மகள் பட்டம் வாங்காமல் வீட்டைவிட்டு ஓடிப்போயிருந்தால்? குடிகாரராக இருந்தால்? சர்ச்சுக்குப் போகாதவராக, ஆங்கிலம் பேச வராதவராக, ஃபோட்டோவே இல்லாதவராக இருந்தால்? புற்றுநோய் அதே புற்றுநோய்தானே.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு ஃபூக்கோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒப்புதல் வாக்குமூலம் என்பது பாதிரியின் கூண்டிலிருந்து வெளியேறி மருத்துவம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று பரவி, மனிதர் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொண்டிருக்கவேண்டிய கட்டாயமாக மாறியதை அவர் விளக்கினார். நாம் அதைப் பெரும்பாலும் பாலியல், மனநோய் சார்ந்த விவாதங்களில் மட்டும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு சாதாரண மருத்துவ பில் எப்படிக் கதையாடலைக் கறந்தெடுக்கிறது என்பதை அந்த ஹாலில்தான் பார்த்தேன். தகுதியை நிரூபிக்கிற கதை. உழைப்பாளி, குடும்பஸ்தன், நன்றியுள்ளவன். உதவி கிடைக்கவேண்டுமானால் உடல் தன் நோயைக் காட்டினால் போதாது, தன் நற்குணத்தையும் காட்டவேண்டும். யானைக்கொட்டடி வாசலில் யாரும் என் கதையைக் கேட்கவில்லை. பொது என்ற சொல்லுக்கு எனக்கு இப்போது தெரிகிற ஒரே உருப்படியான வரையறை இதுதான்: கதை சொல்லாமல் உள்ளே போகமுடிகிற இடம்.

இப்படிச் சொன்னதும் 'பார், நல்ல அமெரிக்கா ஒன்று இருக்கிறது' என்று யாராவது கிளம்பிவிடக்கூடாது. பறவைக்கூண்டு மிச்சமாகக் கிடைத்த அந்த 1904 கண்காட்சியில் கூண்டுக்கு வெளியே மனிதர்களையும் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அப்போதுதான் ஆக்கிரமித்திருந்த பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து 'கிராமங்கள்' அமைத்து வேடிக்கை பார்த்தார்கள். காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா இங்கே காட்டப்பட்டு, 1906இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் குரங்குகளோடு சேர்த்துக் காட்டப்பட்டார். அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்த வருஷமும் 1916தான், செயின்ட் லூயிஸ்காரர்கள் யானைக்கு வரி போட்டுக்கொண்ட அதே வருஷம். 'அனைவர்க்கும்' என்ற சொல்லுக்குள் யார் யார் என்பது எப்போதும் சண்டைக்குரியதாகவே இருந்திருக்கிறது. 1949 ஜூன் 21 அன்று நகராட்சியின் ஃபேர்கிரவுண்ட் பூங்கா நீச்சல்குளம் முதன்முதலாகக் கறுப்பினக் குழந்தைகளுக்கும் திறக்கப்பட்டது. அன்றைக்கே வெள்ளையர் கும்பல் கூடிக் கண்ணில் பட்ட கறுப்பினத்தவரை எல்லாம் அடித்தது. நகர நிர்வாகம் பின்வாங்கியது. நீதிமன்றம் தலையிட்டு மறுவருஷம் திறக்கவைத்தபோது வெள்ளையர் வருவதை நிறுத்திவிட்டார்கள். 1956இல் குளம் மூடப்பட்டது. பொது என்பது இருக்கலாம், 'அவர்களோடு' சேர்ந்து என்றால் வேண்டாம்.

இந்த 'அவர்களோடு' என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டால் மருத்துவத்தின் கதையும் பிடிபடும். தோழர்கள் சிலர், இதில் விளக்க என்ன இருக்கிறது, முதலாளித்துவம், லாபம், அவ்வளவுதான் என்பார்கள். கனடாவும் முதலாளித்துவ நாடுதான். பிரிட்டனும்தான். அங்கெல்லாம் நோயாளி வாசலில் கதை சொல்லிக்கொண்டிருப்பதில்லையே.

அமெரிக்காவில் வைத்தியம் வேலையோடு ஒட்டிக்கொண்டது யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதால் அல்ல. இரண்டாம் உலகப்போரில் விலைவாசியைக் கட்டுப்படுத்த 1942இல் சம்பளத்தை உறையவைத்தார்கள். ஆள் பற்றாக்குறை. சம்பளத்தைக் கூட்டமுடியாத கம்பெனிகள் காப்பீட்டைக் கொடுத்து ஆள் பிடித்தன. அது சம்பளக் கட்டுப்பாட்டில் வரவில்லை. 1954 வரிச் சட்டம் அந்தக் காப்பீட்டுக்கு வருமானவரி கிடையாது என்பதை உறுதியாக்கியது. போர்க்கால ஒட்டுவேலை ஒன்று நிரந்தரக் கட்டிடமாயிற்று. இதற்கிடையில் 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் (இதே மிசூரிக்காரர்) நாட்டு மக்கள் எல்லாருக்கும் பொதுவான காப்பீடு வேண்டும் என்று காங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். அமெரிக்க மருத்துவச் சங்கம் கிளம்பியது. உறுப்பினர்களிடம் தலைக்கு 25 டாலர் வசூலித்து, விட்டேக்கர், பாக்ஸ்டர் என்ற பிரச்சாரத் தம்பதியை அமர்த்தி, 1949இல் மட்டும் 15 லட்சம் டாலர் செலவு செய்து, 'சோஷலிச மருத்துவம்' என்ற பூச்சாண்டியை ஒவ்வொரு டாக்டரின் காத்திருப்பு அறையிலும் நிறுத்திவைத்தது. 1961இல் நடிகர் ரொனால்டு ரீகனின் குரலில் ஒரு கிராமஃபோன் இசைத்தட்டு. டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காப்பிக்குக் கூப்பிட்டு, இசைத்தட்டைப் போட்டுக் கேட்கவைத்து, காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதவைத்தார்கள். கருத்தியல் எங்கே உற்பத்தியாகிறது என்று நாம் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறோம். காப்பியும் பிஸ்கட்டும் வைத்த முன்ஹாலில் உற்பத்தியானது.

இடதுசாரிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, சொல்லாமல் விடமுடியாது. வால்டர் ராய்தர் தலைமையிலான வாகனத் தொழிலாளர் சங்கம் தேசியக் காப்பீட்டைத்தான் விரும்பியது. அது கிடைக்காது என்றானதும் கம்பெனியோடு பேரம் பேசியது. 1950இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தத்தில் காப்பீட்டுக்குக் கம்பெனியின் பங்கைப் பெற்றது. வெற்றிதான். ஆனால் சங்கம் உள்ள ஆலைத் தொழிலாளி ஒரு கரையிலும், வீட்டு வேலை, வயல் வேலை, ஹோட்டல் வேலை செய்கிறவர்கள் (இவர்களில் கறுப்பினத்தவரும் பெண்களும் எவ்வளவு பேர் என்று சொல்லவேண்டுமா) இன்னொரு கரையிலுமாகப் பிரிந்து நின்றார்கள். 2020இல்கூட நெவாடா மாநிலத்தின் ஹோட்டல் தொழிலாளர் சங்கம், எல்லாருக்கும் பொதுக்காப்பீடு என்ற சாண்டர்ஸின் திட்டத்தை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தது. நாங்கள் போராடி வாங்கியதைப் பறிக்காதே என்று. அவர்கள் பயத்தில் அர்த்தம் இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. போராடி வாங்கியதே கால்விலங்காகிறபோது என்ன செய்வது?

1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரத்துக்கே வந்து, கிழவர் ட்ரூமனைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதியோர்க்கான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு. ஒரே சட்டத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மெடிகேருக்கு 65 வயசு ஆனால் போதும். வேலை செய்த காலத்தில் கட்டியாகிவிட்டது, யானை மாதிரி. மெடிகெய்டு ஏழைகளுக்கானது, அதற்கு ஏழை என்று நிரூபிக்கவேண்டும், மாநிலம் ஒத்துக்கொள்ளவேண்டும். முன்னது மேல் கைவைக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை. பின்னது ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வெட்டுப்படுகிறது. இன்னொன்றும் நடந்தது: மெடிகேர் பணம் வேண்டுமானால் நிறப் பாகுபாடு கூடாது என்றதும், 1966இல் சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் தங்கள் வார்டுகளை ஒன்றாக்கின. எந்தப் பிரசங்கமும் செய்யாததை அந்தப் பணம் செய்தது.

செயின்ட் லூயிஸில் இதன் மறுபக்கமும் தெரியும். நகரத்தின் வடபகுதியில் வில் என்ற பேட்டையில் ஹோமர் ஜி. பிலிப்ஸ் ஆஸ்பத்திரியின் கட்டிடம் நிற்கிறது. 1923இல் நகரம் கடன்பத்திரம் வெளியிட்டபோது கறுப்பின மக்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி தருவதாக வாக்குக் கொடுத்து, பிறகு இழுத்தடித்தார்கள். வழக்கறிஞர் பிலிப்ஸ் விடாமல் போராடினார். 1931இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1937இல் ஆஸ்பத்திரி திறந்தது. நாடு முழுவதும் கறுப்பின டாக்டர்களும் நர்ஸுகளும் ஏராளமாகப் பயிற்சி பெற்ற இடம். 1979 ஆகஸ்டில், தெருவில் உட்கார்ந்து மறித்த மக்களைப் போலீஸ் படையால் அப்புறப்படுத்திவிட்டு மூடினார்கள். எல்லாரும் தெற்கே உள்ள நகர ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். 1985இல் அதையும் மூடினார்கள். மாற்றாக வந்தது 1997 வரை ஓடி நின்றது. நகர ஆஸ்பத்திரியின் பழைய கட்டிடம் இப்போது பணம் படைத்தவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு. பிலிப்ஸ் ஆஸ்பத்திரி முதியோர் குடியிருப்பானது. தம்பியை நச்சரித்து ஒரு நாள் அங்கே கூட்டிப்போகச் சொன்னேன். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றான். அவனுடைய வரைபடத்தில் அந்தப் பக்கம் 'போகக்கூடாத ஏரியா'. நம்மாட்கள் அமெரிக்கா போனதும் முதலில் கற்றுக்கொள்வது இந்த வரைபடத்தைத்தான் என்பதைத் தனியாக எழுதவேண்டும்.

ஏப்ரல் கடைசியில் தம்பிக்கு வேலை போயிற்று. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தான், பத்து நிமிஷப் பேச்சு, முடிந்தது. அப்போது கைக்குழந்தைக்கு ஐந்து வாரம். மூத்தவனுக்கு வீஸிங், பிசிறில்லாமல் மருந்து இழுத்தாகவேண்டும். காப்பீடு அந்த மாதக் கடைசியோடு நின்றது. அவனுடைய எச்-1பி விசாவுக்கு வேலை போனால் 60 நாள் தவணை. அதற்குள் இன்னொரு முதலாளி கிடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டும். வைத்தியமும் நாட்டில் இருக்கிற உரிமையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கின்றன, ஆணி முதலாளி கையில். 'கோப்ரா' என்றொரு வழி உண்டு (பெயரைப் பாருங்கள்): பழைய கம்பெனியின் காப்பீட்டையே 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுசாக நாமே கட்டவேண்டும், மேலே நூற்றுக்கு 2. 2024இல் கம்பெனி வழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரி விலை வருஷத்துக்கு 25,572 டாலர். அதில் தொழிலாளி கட்டியது சராசரி 6,296. வேலை இருக்கிறபோது கால்வாசி, வேலை போனதும் முழுசு. தலைகீழாக யோசித்திருக்கிறார்கள்.

அங்கேயே பிறந்த இரண்டு பிள்ளைகளும் அமெரிக்கக் குடிமக்கள். வருமானம் இல்லாதபோது மாநிலத்தின் குழந்தைகள் மெடிகெய்டுக்கு அவர்களை விண்ணப்பிக்கலாம். நான்தான் படித்துச் சொன்னேன். தம்பி மறுத்துவிட்டான். "வேணாம்கா. நாளைக்கு கிரீன்கார்டு அப்ளை பண்றப்ப, அரசாங்கக் காசுல வாழ்ந்தவன்னு பிடிச்சுக்குவான்." அப்படிப் பிடிக்க இடம் கொடுப்பதுபோல 2019இல் ட்ரம்ப் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. அதிலும் பிள்ளைகளின் மெடிகெய்டு சேராது. 2021இல் அந்த விதியே போய்விட்டது. சொன்னேன். அவன் கேட்கவில்லை. விதி போனாலும் அது விதைத்த பயம் வேலைசெய்கிறது. என்றைக்கோ ஒரு வாசலில் சொல்லவேண்டிவரும் கதைக்காக இன்றைக்கே தன்னைத் திருத்தி எழுதிக்கொள்கிறான். கோப்ராவுக்குக் கட்டினான். நான் கொண்டுபோன பணத்தையும் சேர்த்துத்தான்.

இந்தக் கதை கேட்கிற வேலைக்கு ஒரு பெரிய இயந்திரமே இருக்கிறது. ஒபாமாவின் 2010 சட்டம், வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானமுள்ள எல்லா வயதுவந்தோருக்கும் மெடிகெய்டு என்றது. 2012இல் உச்ச நீதிமன்றம், விருப்பமுள்ள மாநிலங்கள் செய்துகொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. மிசூரி செய்யவில்லை. அங்கே பிள்ளை இல்லாத, ஊனமில்லாத ஒரு வயதுவந்தவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் சேரமுடியாது. பெற்றோர் என்றால் வறுமைக்கோட்டின் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினாலும் வெளியே. 2020 ஆகஸ்ட் 4 அன்று, கொரோனாவுக்கு நடுவில், மாநில மக்களே வாக்களித்து 53 சதவீதத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். நகரங்கள் ஆதரித்தன, கிராமப்புறக் கவுண்டிகளில் பெரும்பாலானவை, தங்கள் சின்ன ஆஸ்பத்திரிகள் மூடிக்கொண்டிருந்தபோதும், எதிர்த்தன. சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன பிறகுதான் அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது. யானைக்குப் போட்ட ஓட்டை 1916இலிருந்து யாரும் தொடவில்லை. அது உள்ளூர் வரி, நேராகப் போய்ச்சேர்கிறது, நடுவே சட்டமன்றம் இல்லை. இன்னாருக்கு என்று பெயர் எழுதப்படவும் இல்லை. 2024 நவம்பரில் இதே மிசூரி மக்கள் சம்பளத்தோடு நோய்விடுப்பு வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் சட்டமன்றம் அதை இல்லாமல் ஆக்கியது.

இப்போது அடுத்த சுற்று. 2025 ஜூலை 4 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம், இப்படி விரிவாக்கத்தில் சேர்ந்த வயதுவந்தோர் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு ஈடானதோ செய்ததாகக் காட்டவேண்டும், 2027 ஜனவரிக்குள் மாநிலங்கள் இதை அமலாக்கவேண்டும் என்கிறது. வேலை செய்யச் சொல்வதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் 2018இல் இதைச் செய்து பார்த்தார்கள். சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். வேலை செய்யாததால் தள்ளப்பட்டவர்கள் அதில் குறைவு. வேலை செய்துகொண்டே, அல்லது விலக்குக்குரியவர்களாக இருந்துகொண்டே, அதை உரிய நேரத்தில் உரிய படிவத்தில் சொல்லத் தெரியாமல் போனவர்களே அதிகம். 2019இல் நீதிமன்றம் நிறுத்தியது. மாதாமாதம் கதை சொல்லவேண்டும். இலக்கணப்பிழை வந்தால் மருந்து நிற்கும். வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பணம் இல்லையா? 2023இல் அந்த நாடு மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 லட்சம் கோடி டாலர், மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். அதே வருஷம் காப்பீடே இல்லாதவர்கள் ஏறக்குறைய 2.6 கோடிப் பேர். வாசலில் உட்கார்ந்து கதை கேட்கிறவர்களுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டுமே. சாகக்கிடக்கிறவனை எந்த அவசரப் பிரிவும் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986 சட்டம் இருக்கிறது. நிலைப்படுத்தும் வரைக்கும்தான் அது. பிறகு பில் வரும். பில் வந்த பிறகு டிரிவியா நைட்.

அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு அன்றைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி பிறகு சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பில்லில் எத்தனை பங்கு அது என்று நான் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லையாம். 2020 வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. அவர் வீட்டுக் கேக்கைத் தின்றுகொண்டு அதைக் கேட்கமுடியவில்லை.

தம்பிக்கு ஜூன் மூன்றாம் வாரம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, 60 நாள் முடிய ஏழு நாள் பாக்கி. புதிய காப்பீட்டு அட்டை தபாலில் வந்தது. மூத்தவனைப் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த டாக்டர் அதன் பட்டியலில் இல்லை. வேறொரு டாக்டரிடம் நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவனைக் கூட்டிப்போனோம். முன்மேசையில் ஒரு கிளிப்போர்டும் பேனாவும் பதினோரு பக்கமும் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் முதல் கட்டம், பணம் கட்டும் பொறுப்பு யாருடையது என்பது. என்ன செய்யுது என்ற கேள்வி ஏழாம் பக்கத்தில் இருந்தது. தம்பி எழுதிக்கொண்டிருந்தான். பையன் என் மடியில் உட்கார்ந்து, மறுபடி எப்ப அத்தை யானைக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.